காலணாக் கணக்கு

டொராண்டோவில் டிராம் இன்னும் ஓடுகிறது.

ஸ்பாடினா தெருவில், சீனர்களின் காய்கறிக் கடைகள் வரிசையாக இருக்கும் பக்கம், நடு ரோட்டில் தண்டவாளம். சிவப்பாக, நீளமாக, வளைந்து வளைந்து ஒரு வண்டி வரும். வருவதற்கு முன்னால் மணி அடிக்கும். அந்த மணிச் சத்தத்தைக் கேட்பதற்காகவே ஸ்கார்பரோவில் மகன் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, சுரங்க ரயில் மாறி, அவ்வளவு தூரம் வருகிறேன். வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. நூலகத்துக்குப் போய்வருகிறேன் என்று சொல்வேன்.

ஏறியதும் அட்டையைக் காட்டினால் போதும். 'பீப்' என்று ஒரு சத்தம். இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் ஒரே கட்டணம்தான். வயதானவர்களுக்கு அதிலும் சலுகை. வெளியே பனி கொட்டினாலும் உள்ளே கதகதவென்று இருக்கும். யாரும் இடிப்பதில்லை. சில்லறை கேட்பதில்லை. எதற்கும் கணக்குப் போட வேண்டியதில்லை.

எனக்கு ஒரு கணக்குப் போட வேண்டும் போலிருக்கிறது. காலணாக் கணக்கு.

அந்தக் கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில், நடைபாதையில் நின்றுகொண்டு, மேலகரத்துக் கந்தசாமிப் பிள்ளை போட்ட கணக்கு அது. திருவல்லிக்கேணிக்குப் போக வேண்டும். டிராமில் போனால் வெற்றிலைக்குக் கொஞ்சம் மிஞ்சும். பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் கண்ணில் படாமல் கொஞ்ச தூரம் போய்விட்டு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காப்பிக்கு ஆகும். ஆனால் வெற்றிலை கிடையாது. காப்பியா, வெற்றிலையா? மனுஷர் அந்தக் குழப்பத்தில் நிற்கும்போதுதான் கடவுளே வந்து வழி கேட்கிறார். 1943ஆம் வருஷம் 'கலைமகள்' பத்திரிகையில் வந்த கதை. எழுதியவர் புதுமைப்பித்தன்.

அந்த டிராமில் நான் ஏறியதில்லை. 1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953 ஏப்ரலில் நின்றுபோனது. எனக்கு அப்போது ஒரு வயது, தாமிரபரணிக் கரையில் யாரோ ஒருத்தியின் இடுப்பில் இருந்திருப்பேன். ஏறாத வண்டிக்கு ஒருவன் ஏங்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடிகிறது. இந்த வயதில், இவ்வளவு தூரத்தில், ஏறிய வண்டிகளைவிட ஏறாத வண்டிதான் அதிகமாகச் சத்தம் போடுகிறது.

*

1974இல் எழும்பூரில் வந்து இறங்கினேன். கையில் ஒரு தகரப் பெட்டி, மனசில் பத்திரிகை ஆசை. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இடம் கிடைத்தது. மேன்ஷன் என்பது பெயர்தான். அறைக்கு மூன்று கட்டில், மாடிக்கு ஒரு குழாய், ஜன்னலைத் திறந்தால் அடுத்த மேன்ஷனின் சுவர். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்கும் நடுவில் எப்படியோ நுழைந்து கடற்காற்று வரும். உப்பும் மீனும் கலந்த காற்று. கட்டிலில் படுத்தபடி அது கால்விரலில் படுவதற்காகக் காத்திருப்போம், மூன்று பேரும், பேசாமல்.

இங்கே அறை முழுக்க ஒரே சீரான வெப்பம். எந்தக் காற்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

முதல் மாதச் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, பைகிராப்ட்ஸ் ரோட்டு நடைபாதையில் பழைய புத்தகக் கடைக்காரர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். வைத்தியப் புத்தகம், பழைய ஆங்கில நாவல், பரீட்சைக் கைடு, இவற்றுக்கு நடுவில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம். முதல் நான்கு பக்கமும் இல்லை. இரண்டு ரூபாய் சொன்னார். பேரம் பேசி ஒன்றரைக்கு வாங்கினேன். எழுதியவர் யாரென்று அறைக்கு வந்து பாதிக் கதை படித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட, கேட்டது என்று சொல்ல வேண்டும். அச்சடித்த தாளிலிருந்து எங்கள் ஊர்ப் பேச்சு கேட்டது. அதற்கு முன் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. புத்தகத்தில் வரும் மனிதர்கள் வேறு தினுசாகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் புத்தகத்தை மறுநாள் வேலைக்கு எடுத்துப் போனேன். அங்கேதான் அண்ணாச்சி இருந்தார்.

*

ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை எனக்கு. கீழே அச்சுக்கூடம், மாடியில் நாங்கள். அண்ணாச்சி கம்பாசிட்டர். பாளையங்கோட்டைக்காரர். 1940இல், பதினாறு வயதில், ஜார்ஜ் டவுனில் ஒரு அச்சுக்கூடத்தில் எழுத்துப் பொறுக்கும் பையனாகச் சேர்ந்தவர். நான் பார்க்கும்போது ஐம்பது வயது. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஈயம் பட்டுப் பட்டுக் கருத்துப்போய், சோப்புக்கும் போகாத கறுப்பாகவே இருக்கும்.

அந்தச் சத்தங்களைத்தான் முதலில் இழந்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், உங்களில் யாராவது அந்தக் கட்டிடங்களில் வேலை பார்த்திருந்தால் கூடவே கேளுங்கள். கேஸில் இருந்து எழுத்தை எடுத்து ஸ்டிக்கில் நிறுத்தும்போது வரும் 'டிக்'. ஒரு வரி முடிந்ததும் இடைவெளிக் கட்டையைச் செருகும் 'சர்க்'. ட்ரெடில் மிஷின் வாயைத் திறந்து மூடும் தாளம், அந்தத் தாளத்தில் காலால் மிதித்துக்கொண்டே பாடும் பையனின் சினிமாப் பாட்டு. 'காலி' என்கிற தட்டில் அடுக்கிய எழுத்தை நூலால் இறுக்கிக் கட்டி, மை உருட்டி, நனைத்த தாளை மேலே போட்டு அண்ணாச்சி பிரஷ்ஷால் தட்டுவார். தட், தட், தட். பிறகு ஒரு நொடி மௌனம். தாளை ஒரு மூலையிலிருந்து உரித்து எடுப்பார். ஈரமாக, மை வாசனையோடு புரூஃப் மாடிக்கு வரும். படித்து முடிப்பதற்குள் விரல் நுனியில் எழுத்து ஒட்டியிருக்கும்.

அண்ணாச்சி எழுத்தைத் தலைகீழாகவும் வலமிடமாகவும் வாசிப்பார். கம்பாசிட்டர் எல்லாரும் அப்படித்தான். ஆனால் நேராக வைத்துச் சத்தம் போட்டு வாசிக்க அவரைப் போல ஒருவரை நான் கண்டதில்லை.

நான் கொண்டுபோன கிழிந்த புத்தகத்தைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நாலைந்து பக்கம் புரட்டினார்.

"எங்க ஊருப் பேச்சையும் அச்சுல ஏத்தலாம்னு காட்டுனவரு இவருதான் தம்பி. சாயங்காலம் மாடிக்கு வா. வாசிச்சுக் காட்டுதேன்."

அன்று தொடங்கியது. அச்சுக்கூடத்து மொட்டை மாடி, ஒரு நாற்பது வாட் பல்பு, பல்பைச் சுற்றி ஈசல். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவர் வாசிப்பார். கந்தசாமிப் பிள்ளைக்கு ஒரு குரல், கடவுளுக்கு ஒரு குரல். குழந்தை வள்ளி கடவுளின் மடியில் ஏறி விளையாடும் இடத்தில் அவர் குரல் தணிந்து, இழைந்து, கிட்டத்தட்டத் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ஓடவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆயிரம் பக்கம் கமா வைத்தவர் இல்லையா.

வாரம் ஒரு கதை. 'ஒரு நாள் கழிந்தது', 'மனித யந்திரம்', தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வந்துபோகும் சுப்பையா பிள்ளையின் கதை. எல்லாம் வாசித்தார். 'மகா மசானம்' மட்டும் முழுசாக வாசித்ததே இல்லை. மவுண்ட் ரோடு ரவுண்டாணா பக்கம், மரத்தடியில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருப்பார். ஊர் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். குழந்தையை ஓரமாக நிற்க வைத்துவிட்டு அப்பா மாம்பழம் வாங்கப் போயிருப்பார். குழந்தை அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் அண்ணாச்சி புத்தகத்தை மூடிவிடுவார். அப்பா பழத்தோடு திரும்பி வருவதை ஒரு தடவைகூட அவர் வாசிக்கவில்லை.

நானும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிப்பார்கள்.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்போம். அண்ணாச்சிக்கு அந்த நகரம் கதையும் ரோடும் கலந்த நகரம். பிராட்வே முனையில் என்னை நிறுத்தி, "இங்கனதான் நிப்பாரு" என்பார், கந்தசாமிப் பிள்ளை அடுத்த தெருவில் குடியிருந்தவர் மாதிரி. டிராம் எந்தப் பக்கம் திரும்பும், எந்த இடத்தில் வேகம் குறையும், பையன்கள் எங்கே தொற்றி ஏறுவார்கள் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவார். ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரம் எதிரே நிற்கும். அவர் நீட்டிய கைக்கும் அந்தக் கோபுரத்துக்கும் நடுவில் எனக்கு டிராம் போகும்.

1942 ஏப்ரலைப் பற்றிச் சொல்வார். ஜப்பான்காரன் வருகிறான் என்று பேச்சு. ஜனங்கள் பெட்டி படுக்கையோடு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். சென்னை பாதி காலி. கூட இருந்த பையன்கள் போய்விட்டார்கள். டிக்கெட்டுக்குக் காசில்லாததால் இவர் போகவில்லை. ஆளில்லாத தெருவில் டிராம் மணி அடித்துக்கொண்டு போகும், ஏற யாரும் இல்லாமல். அந்த மணிச் சத்தம்தான் தனக்கு ஆயுசுக்கும் மறக்காது என்பார்.

ரவுண்டாணாவுக்கும் கூட்டிப் போயிருக்கிறார். நாங்கள் போகும்போது அங்கே அண்ணா சிலை வந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. மவுண்ட் ரோடு அண்ணா சாலை ஆகியிருந்தது. பிராட்வேயும் எஸ்பிளனேடும்கூடப் பிரகாசம் சாலையாகவும் நேதாஜி பெயர் கொண்ட சாலையாகவும் எழுத்தில் மாறின. வெள்ளைக்காரன் வைத்த பெயர்கள் போக வேண்டியவைதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரு பெயர் போகும்போது அந்தப் பெயரைச் சொன்ன வாய்களும் சேர்ந்து போகின்றன. 'எஸ்பிளனேடு' என்று அண்ணாச்சி சொல்லும்போது நடுவில் ஒரு சின்ன இழுப்பு இருக்கும். அந்த இழுப்பு எந்த வரைபடத்திலும் இல்லை.

*

புதுமைப்பித்தனைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு பேரை இவ்வளவு காலமாகக் கட்டிப் போட்டிருக்கிற அந்த மனுஷரைப் பற்றி.

சொந்தப் பெயர் சொ. விருத்தாசலம். 1906 ஏப்ரல் 25இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். அப்பா தாசில்தார், ஊர் ஊராக மாற்றலாகி, 1918இல் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்த குடும்பம். இந்துக் கல்லூரியில் படித்து 1931இல் பி.ஏ. முடித்தார். மறு வருஷம் திருவனந்தபுரத்துக் கமலாவுடன் கல்யாணம். எழுத்தை நம்பிச் சென்னைக்கு வந்தார். 1934இல் 'மணிக்கொடி'யில் அவர் கதைகள் வரத் தொடங்கின. வயிற்றுக்குப் பத்திரிகை வேலை. காரைக்குடி 'ஊழிய'னில் கொஞ்ச நாள், பிறகு 'தினமணி'யில் உதவி ஆசிரியர். 1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் அங்கிருந்து விலகியபோது இவரும் விலகினார், பிறகு 'தினசரி'. அதன் பிறகு சினிமா. 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனே போனவர் காசநோய் முற்றித் திரும்பினார். 1948இல் திருவனந்தபுரத்தில் கண் மூடினார். நாற்பத்திரண்டு வயது. எழுதியது பதினைந்து வருஷத்துக்கும் குறைவு. அதற்குள் ஏறத்தாழ நூறு கதைகள்.

நானும் பத்திரிகை மேசையில் உட்கார்ந்தவன் என்பதால் ஒன்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் 'தினமணி'யில் இருந்த காலத்தின் பிற்பகுதி உலக யுத்த வருஷங்கள். இங்கிலீஷில் தந்திகள் வந்து குவியும். ஹிட்லர் எங்கே நுழைந்தான், சர்ச்சில் என்ன சொன்னார், எத்தனை கப்பல் மூழ்கியது. அத்தனையையும் தமிழாக்கிக் கீழே அனுப்ப வேண்டும். அந்த மேசையை விட்டு எழுந்து தெருவுக்கு வருகிற மனுஷர், தனக்கென்று எழுத உட்காரும்போது எதை எழுதினார்? காலணாவை. வாடகை பாக்கியை. கடனுக்குக் கிடைக்காத காப்பிப்பொடியை. சிக்கரி கலந்த காப்பியை. ரிக்‌ஷா இழுப்பவரின் மூச்சை. குழாயடியை. மின்சார ரயிலில் எதிர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு வரும் கடைச் சிப்பந்தியை. எந்தப் பத்திரிகையும் தலைப்புப் போடாத சங்கதிகள். ஒரு நகரம் மறுநாள் மறந்துவிடுகிற சங்கதிகள். அன்றைய தலைப்புச் செய்திகள் எல்லாம் ஆவணக் காப்பகத்தில் பொடிந்துகொண்டிருக்கின்றன. காலணா இன்னும் என் சட்டைப் பையில் கிடக்கிறது.

ஆனால் அவர் அந்த நகரத்தை நேசித்தாரா? எனக்கு நீண்ட நாள் இந்தக் கேள்வி இருந்தது. அவருடைய சென்னையில் இருப்பவர்கள் பாதிப் பேர் ஊரை விட்டு வந்தவர்கள். பேச்செல்லாம் தாமிரபரணி. உடம்பு இங்கே, நினைப்பு அங்கே. 'செல்லம்மாள்' கதையில் வரும் செல்லம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டணத்து எல்லையில், வாடகை குறைவென்று பிடித்த வீட்டில், அவள் நோயோடு கிடப்பாள். புருஷன் பிரமநாயகம் பிள்ளை ஜவுளிக்கடையில் நின்று கால் கடுத்து வருவார். அவர்களுக்கு இருக்கும் ஒரே சுகம் ஊருக்குப் போவதைப் பற்றிய பேச்சு. பேசும்போது அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறும். போவதற்குள் அவள் போய்விடுவாள்.

எழுதியவருக்கும் அந்த வலி உண்டு. கமலா பல காலம் திருவனந்தபுரத்தில் இருக்க, இவர் சென்னையில் தனி அறையில் இருந்துகொண்டு கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்கள் பின்னாளில் புத்தகமாக வந்தன. படிக்கும்போது தூரத்தின் கனம் கையில் தட்டுப்படும்.

அவர் ஏங்கியது ஊருக்காக. நான் ஏங்குவது, அவர் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த நகரத்துக்காக.

இது எப்போது எனக்குப் புரிந்தது தெரியுமா? சென்னையில் இருந்த முப்பத்தைந்து வருஷமும் நான் திருநெல்வேலிக்காக ஏங்கினேன். மேன்ஷன் கட்டிலில் படுத்து ஆற்றங்கரைப் படித்துறையை நினைத்தேன். பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்காத வருஷங்களில் சாப்பிடாமல் படுத்திருக்கிறேன். மனைவி போன பிறகு, 2009இல் மகன் இங்கே கூட்டி வந்தான். முதல் பனிக்காலத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஆறு வரும் என்று நினைத்தேன். வந்தது மொட்டை மாடி. நாற்பது வாட் பல்பு. ஈசல்.

எந்த இடத்தில் உட்கார்ந்து ஊரை நினைத்தோமோ, அந்த இடமே ஊராகிவிடுகிறது. நமக்குத் தெரிவதற்குள் அதையும் விட்டு வந்துவிடுகிறோம்.

உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். ஒண்டுக் குடித்தனமாக இருக்கலாம். ஆபீஸ் மாடிப்படியாக இருக்கலாம். எப்போது இங்கிருந்து போவோம் என்று நாள் எண்ணிய இடமாகவே இருக்கலாம். நினைத்துப் பாருங்கள்.

*

1978இல் தமிழ் எழுத்தைச் சீர்திருத்தினார்கள். தும்பிக்கை வைத்த 'லை'யும் 'னை'யும் போய், எல்லாவற்றுக்கும் ஒரே ஐகாரக் கொம்பு வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கு நல்லது. அச்சுக்கூடத்தில் பழைய எழுத்துகளை உருக்க எடுத்துப் போகும் நாளில் அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. கேஸில் அந்த அறைகளை மட்டும் துணியால் துடைத்தார். பிறகு ஒரு 'னை'யை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். எட்டு வருஷம் கழித்துப் போட்டோ கம்போசிங் வந்தது. ட்ரெடில் மிஷினை எடைக்குப் போட்டார்கள். அண்ணாச்சிக்குக் கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. "அங்க யாரு இருக்கா தம்பி? இங்கனக்குள்ளயே கெடக்குதேன்" என்றார். புதுப்பேட்டைப் பக்கம் மகள் வீட்டில் இருந்தார்.

1991இல் போய்விட்டார். நான் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். அந்த ஒற்றை 'னை'யை அவர் மகள் எனக்குக் கொடுத்தார். இங்கே என் மேசையில் இருக்கிறது. விரலால் தடவினால் அந்த வளைவு தெரியும். ஈயம் எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது.

அவர் குரல் என்னிடம் இல்லை.

டேப் ரிக்கார்டர் அப்போதே இருந்தது. என் அறைத் தோழன் ஒருவனிடமே இருந்தது. ஒரு கேஸட், ஒரு சாயங்காலம். அவ்வளவு போதும். தோன்றவில்லை. சினிமாப் பாட்டைப் பதிந்தோம். கிரிக்கெட் வர்ணனையைக்கூடப் பதிந்தோம். பக்கத்தில் இருந்த குரல் பக்கத்திலேயே இருக்கும் என்று நினைத்தோம்.

*

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு தடவை சென்னை போனேன். மேன்ஷன் இருந்த இடத்தில் வேறு கட்டிடம். அச்சுக்கூடம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. மண்ணுக்கடியில் மெட்ரோ ஓடுகிறது; குளுகுளுவென்று, சுத்தமாக, இங்கே இருப்பது மாதிரியே. ஹைகோர்ட் நிலையத்தில் இறங்கி மேலே வந்தேன். அந்த முனை அப்படியே இருந்தது. அதே நெரிசல், அதே கூச்சல், தோளை இடித்துக்கொண்டு போகிற அதே அவசரம். கந்தசாமிப் பிள்ளை நின்ற இடம் என்று அண்ணாச்சி காட்டிய இடத்தில் போய் நின்றேன். ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். யாரும் வழி கேட்கவில்லை. கையை நீட்டிக் காட்ட யாரும் இல்லாததால் டிராம் வரவில்லை.

திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது அவர் கதைகள் எல்லாம் என் கையடக்கக் கருவியில் இருக்கின்றன. 2002இல் அவர் எழுத்து நாட்டுடைமை ஆனது. ஆராய்ச்சி செய்து, ஒவ்வொரு கதையும் முதலில் எங்கே, எந்தத் தேதியில் வந்தது என்று பார்த்துச் செம்பதிப்பும் வந்துவிட்டது. எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கிக்கொள்ளலாம். கண்ணுக்கு நல்லது. ஆனால் அட்டை கிழிந்த அந்தப் பழைய புத்தகம்தான் தலைமாட்டில் இருக்கிறது. சில பக்கங்களின் ஓரத்தில் மையும் ஈயமும் கலந்த ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது.

ஸ்கார்பரோ நூலகத்தில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒருநாள் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். ரேகையைப் பார்த்தார். பிராட்வே முனையைப் பற்றி, டிராமைப் பற்றி, அண்ணாச்சியைப் பற்றிச் சொன்னேன். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நீங்கள் குடுத்து வைச்சனியள் ஐயா. உங்கட ஆள் எழுதி வைச்சிட்டார். என்ர ஒழுங்கையை எழுதி வைக்க ஒருத்தரும் வரேல்லை. அது என்ர தலைக்குள்ளதான் கிடக்கு. நான் போனால் அதுவும் போயிடும்."

அவருடைய ஒழுங்கையில் எத்தனை வேலி, எத்தனை படலை, எந்த வீட்டு வாசலில் எந்தப் பூமரம் என்று அன்று சாயங்காலம் முழுக்கச் சொன்னார். நான் கேட்டேன். வீட்டுக்கு வந்து, ஞாபகம் இருந்தவரை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். புதுமைப்பித்தன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த நோட்டின் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வேலியை எழுத முடிகிறது. வேலிக்குப் பக்கத்தில் நின்றவள் வரமாட்டேன் என்கிறாள்.

*

போன வாரம் பேரன் தன் போனை என்னிடம் கொடுத்தான். எட்டு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசக் கூச்சப்படுவான். "தாத்தா, ஒரு கதை சொல்லி இதில் வைத்துவிடுங்கள். ராத்திரி கேட்கிறேன்" என்று அவனுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னான். பள்ளிக்கூடம் போய்விட்டான். வீட்டில் யாரும் இல்லை. வெளியே பனி.

கிழிந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கந்தசாமிப் பிள்ளைதான் பொருத்தம். குழந்தை வள்ளி வருகிறாள், அவனுக்குப் பிடிக்கும். வாசித்தேன். அவன் அதை இரண்டு ராத்திரி கேட்டான் என்று மருமகள் சொன்னாள்.

ஆனால் அன்று அதோடு நான் நிறுத்தவில்லை. போனை அணைக்காமல் பக்கத்தைப் புரட்டினேன். 'மகா மசானம்' வந்தது. அண்ணாச்சி மாதிரி வாசித்துப் பார்க்கலாம் என்று ஆசை. வெற்றிலை ஒதுக்கிய வாய் மாதிரி இழுத்துப் பார்த்தேன். தணித்துப் பார்த்தேன். வரவில்லை. என் குரல் என் குரலாகவே இருந்தது, முப்பத்தைந்து வருஷப் பட்டணமும் இத்தனை பனிக்காலமும் சேர்ந்து தேய்த்த குரல். ரவுண்டாணா வந்தது. மரத்தடி வந்தது. அப்பா மாம்பழம் வாங்கப் போனார். குழந்தை பார்த்துக்கொண்டு நின்றது.

புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். வாசிப்பில் ஒரு வார்த்தைகூட அவர் மாதிரி இல்லை. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் நான் வாசிப்பதை நிறுத்திய இடம் வந்தது. புத்தகம் மூடும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நீளமாக, யாரும் எதுவும் கேட்காமல், இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி.

அது மட்டும் அப்படியே அண்ணாச்சியுடையது.

அழிக்கவில்லை.